இரண்டு நோட்டுகள்: கொலம்பியாவுக்கு வந்த உதவியும் தாய்மார்களின் கணக்கும்



இந்த நினைவுச் சொற்பொழிவு எந்தத் தோழரின் பெயரால் நடக்கிறதோ, அவரோடு வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போனவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். அவர் இரண்டு நோட்டுகளோடுதான் வருவார். ஒன்றில் எஃப்.ஐ.ஆரில் உள்ளதை, தேதி, நேரம், சட்டப்பிரிவு உட்பட அப்படியே எழுதிக்கொள்வார். இன்னொன்றில் சேரி மக்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவார். இரவு பேருந்தில் திரும்பும்போது இரண்டையும் மடியில் விரித்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று கோடு போடுவார். "பிரியிற எடத்துலதான் நமக்கு வேல இருக்கு" என்பார்.

இன்று அந்த முறையில் நாம் படிக்கப்போவது தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுக்கு அமெரிக்கா கொடுத்த உதவியை. போதைப்பொருள் ஒழிப்பு, நீதித்துறைச் சீர்திருத்தம், ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் பயிற்சி என்று மூன்று பெயர்களில் அந்த உதவி வந்தது. கொலம்பியாவுக்கும் நமக்கும் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. இந்திய அரசின் எதிர்ப்பை மீறிச் சாதியை உலகத்தின் முன்வைக்க தலித் அமைப்புகள் அங்கே போயின. லத்தீன் அமெரிக்காவின் கறுப்பின மக்களும் தங்கள் இருப்பை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று அதே மாநாட்டுக்கு வந்தார்கள். அன்று ஒரே வளாகத்தில் நின்றவர்களின் கதையைப் பிறகு நாம் சரியாகத் தொடரவில்லை. அந்தக் கடனில் கொஞ்சத்தையாவது இன்று தீர்ப்போம்.

முதல் நோட்டு

கொலம்பியாவில் 1960களில் தொடங்கிய உள்நாட்டுப் போர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஒருபக்கம் ஃபார்க் முதலான கெரில்லா அமைப்புகள். இன்னொரு பக்கம் ராணுவம். நிலவுடைமையாளர்களும் போதைப்பொருள் வியாபாரிகளும் வளர்த்த துணைப்படைகள் மூன்றாவது. எல்லாத் தரப்புக்கும் கோக்கைன் பணம் ஏதோ ஒரு வழியில் போய்ச் சேர்ந்தது. 1999இல் அன்றைய அதிபர் ஆண்ட்ரேஸ் பாஸ்த்ரானா 'கொலம்பியா திட்டம்' என்ற ஒன்றை முன்வைத்தார். 2000 ஜூலையில் அமெரிக்க அதிபர் கிளின்டன் சுமார் 130 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். கொலம்பியாவுக்கென்று ஒதுக்கியதில் பெரும்பகுதி ஹெலிகாப்டர், ஆயுதம், பயிற்சி என்று ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போனது. நீதிமன்றம், அரசு வழக்குரைஞர், மாற்றுப்பயிர் ஆகியவற்றுக்கு மிச்சம். 2016 வரை கணக்கிட்டால் மொத்த உதவி ஏறத்தாழ 1,000 கோடி டாலர்.

மனித உரிமை நிபந்தனைகளும் அந்தச் சட்டத்தில் இருந்தன. ஆனால் அதே சட்டம் தேசப் பாதுகாப்பு என்று சொல்லி அதிபர் நிபந்தனைகளை விலக்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. 2000 ஆகஸ்ட்டில் கிளின்டன் விலக்கிக்கொண்டார். மை காய்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

திட்டத்தின் வெற்றியை எப்படி அளந்தார்கள்? அழித்த கோக்கா வயல் எத்தனை ஹெக்டேர், பிடித்த கோக்கைன் எத்தனை டன், கொன்ற கெரில்லாக்கள் எத்தனை பேர். இந்த எண்கள்தான் அறிக்கைகளில் ஏறின. ஏறிய எண்களை வைத்தே வாஷிங்டனில் கொலம்பியாவை வெற்றிக் கதையாகப் பேசினார்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் போலீசுக்குப் பயிற்சி கொடுக்கக் கொலம்பிய அதிகாரிகளையே அனுப்பினார்கள். இது முதல் நோட்டு.

மேலிருந்து விழுந்த மருந்து

இனி இரண்டாவது நோட்டைத் திறப்போம். 2000 டிசம்பரில் தெற்கே புட்டுமாயோ பகுதியில் விமானங்கள் தாழப் பறந்து கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தன. கோக்கா அழிய வேண்டும் என்பது நோக்கம். காற்றுக்குக் கோக்கா எது, மரவள்ளி எது என்று தெரியாது. வாழையும் மக்காச்சோளமும் மரவள்ளியும் சேர்ந்தே கருகின.

அந்த விவசாயி ஏன் கோக்கா பயிரிட்டார்? சாலை இல்லாத ஊரில் வாழைத்தார் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். கோக்கா இலையைப் பசையாக்கினால் ஒரு பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டு வந்துவிடலாம். வியாபாரி வீட்டு வாசலுக்கே வருவான். கோக்கைனின் லாபத்தில் இந்த விவசாயிக்குக் கிடைப்பது மிக அற்பம். ஆனால் விமானம் தேடி வந்தது அவர் வயலைத்தான்.

நஞ்சு எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாடான ஈக்வடாரிலும் விழுந்தது. ஈக்வடார் 2008இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2013இல் கொலம்பியா 1.5 கோடி டாலர் கொடுக்கவும், எல்லையோரம் தெளிக்காமலிருக்கவும் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. ஒரு நாடு கேட்டால் இழப்பீடு கிடைக்கிறது. அதே மருந்து விழுந்த கொலம்பியக் கறுப்பினக் கிராமத்துக்கு அப்படிக் கேட்க எந்தக் கொடியும் இல்லை.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று வகைப்படுத்திய பிறகு, வான்வழித் தெளிப்பைக் கொலம்பியா நிறுத்தியது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் சோக்கோ மாநிலத்தில் நோவிட்டா என்று ஒரு சிற்றூர். அங்கே மக்கள் உரிமைகளுக்காக நகராட்சி அளவில் இருக்கும் ஓர் அலுவலர் தொடுத்த வழக்கில், அரசியல் சாசன நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. சுகாதார ஆபத்தைச் சுதந்திரமான அமைப்பு ஆராயாமல், முறையான விதிகள் வகுக்காமல், மறுபடி தெளிக்கக் கூடாது என்றது.

சரி, கோக்காவாவது ஒழிந்ததா? ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகக் கணக்குப்படி 2000இல் சுமார் 1,63,000 ஹெக்டேர். 2013இல் 48,000. 2017இல் 1,71,000. 2023இல் 2,53,000. நடுவில் இறங்கியதைக் காட்டி வெற்றி என்றார்கள். கோக்கா ஒரு மாவட்டத்தை விட்டு அடுத்த மாவட்டத்துக்கும், தேசியப் பூங்காக்களுக்கும், பழங்குடி மக்களின் நிலங்களுக்கும் போனது. 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு சுமார் 99,000 குடும்பங்கள் கோக்காவைப் பிடுங்கி மாற்றுப்பயிருக்கு வரக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பலர் சொன்னபடி பிடுங்கினார்கள். அரசு தருவதாகச் சொன்ன உதவிதான் சொன்னபடி வரவில்லை.

எண்ணிக்கைக்காகக் கொல்லப்பட்டவர்கள்

அடுத்த பக்கம் கனமானது. தலைநகர் பொகோட்டாவின் தெற்கு விளிம்பில் சொவாச்சா என்ற ஊர் இருக்கிறது. போரில் நிலம் இழந்து ஓடிவந்தவர்களும் கூலித் தொழிலாளர்களும் குன்றுச் சரிவில் குடிசை போட்டு வாழும் இடம். 2008இல் அங்கிருந்து இளைஞர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வேலை இருக்கிறது என்று ஆள் வந்து கூட்டிப்போயிருந்தான். சில மாதம் கழித்து அவர்களின் உடல்கள் 600 கிலோமீட்டருக்கு அப்பால், வெனிசுவேலா எல்லைப் பக்கம் ஒக்கான்யா என்ற ஊரின் பொதுக்குழிகளில் கிடைத்தன. ராணுவத்தின் பதிவேட்டில் அவர்கள் 'சண்டையில் கொல்லப்பட்ட கெரில்லாக்கள்'.

தாய்மார்கள் அந்தப் பதிவேட்டை வரி வரியாகப் படித்தார்கள். ஒரு தாயின் மகனுக்குப் பிறவியிலிருந்தே மனவளர்ச்சிக் குறைபாடு. வலது கை சரியாக இயங்காது. ராணுவம் அவன் வலது கையில்தான் துப்பாக்கியை வைத்திருந்தது. இப்படி நாடெங்கும் பல வழக்குகளில் காலணி கால் மாறி மாட்டியிருந்தது, உடலில் குண்டு துளைத்த இடத்தில் சீருடையில் ஓட்டை இல்லை. எங்கே எது பிரிகிறது என்று கோடு போட்டவர்கள் அந்தத் தாய்மார்கள். அவர்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.

கொலம்பிய ராணுவப் பேச்சில் 'பாசிட்டிவ்' என்றால் கைக்குக் கிடைத்த பலன், அதாவது கொல்லப்பட்ட எதிரி. அதனால் இந்தக் கொலைகளுக்குப் 'பொய்யான பாசிட்டிவ்கள்' என்று பெயர் வந்தது. பலன் காட்டிய படைப்பிரிவுக்கு விடுமுறை, பதக்கம், பதவி உயர்வு. 2005 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட 29ஆம் எண் உத்தரவு, சட்டவிரோத ஆயுதக் குழுவினரைப் பிடிக்கவோ கொல்லவோ தகவல் தருகிறவர்களுக்கு எவ்வளவு பணம் என்று விகிதம் வகுத்திருந்தது. எண்ணிக்கைக்கு விலை இருக்கும்போது, கெரில்லா கிடைக்காத மாதத்தில் என்ன செய்வது? யாரும் தேடமாட்டார்கள் என்று நம்பக்கூடிய ஓர் ஏழையைப் பிடிப்பது. அப்படித்தான் வேலையில்லாத இளைஞன், மாற்றுத்திறனாளி, வீடற்றவர், சிறு விவசாயி, பழங்குடி, கறுப்பினத்தவர் என்று ஆள் பொறுக்கினார்கள். கரீபியக் கடலோரப் பகுதியில் நடந்த இத்தகைய கொலைகளில் விவா, கன்குவாமோ பழங்குடி மக்களும் பலியானார்கள்.

2016 ஒப்பந்தத்தால் உருவான சமாதானத்துக்கான சிறப்பு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒரு எண்ணை வெளியிட்டது. 2002 முதல் 2008 வரை இவ்வாறு கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 6,402 பேர். டாலரும் பயிற்சியாளர்களும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த அதே காலம் அது.

நாம் நேர்மையாகவும் பேச வேண்டும். அமெரிக்கப் பயிற்சியில் 'அப்பாவியைக் கொல்' என்று பாடம் நடத்தினார்கள் என்று இந்த 6,402 பேரைப் பற்றி நாம் சொல்லவில்லை. 2009இல் நேரில் போய் விசாரித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இது அரசின் அதிகாரப்பூர்வக் கொள்கை என்பதற்குத் தனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். அதே மூச்சில், இது ஒரு சில கெட்டவர்களின் வேலையும் அல்ல, ராணுவத்தின் கணிசமான பகுதி முறையாகச் செய்துவந்தது என்றும் சொன்னார். யாரும் வாய்விட்டு உத்தரவு போடாமலேயே ஒரு சமூகத்தின் பிள்ளைகளைக் கொல்ல முடியும். எதை எண்ணுவது, எதற்குப் பரிசு கொடுப்பது என்று தீர்மானித்தாலே போதும். உதவி கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கில் உள்ள பொறுப்பு அதுதான்: அவர்களும் அதே எண்ணைத்தான் கேட்டார்கள்.

இது நமக்குப் புதிய விஷயமா? போலி மோதல் கொலை பற்றிய வழக்கில், மக்கள் சிவில் உரிமைக் கழகத்துக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் இடையே, 2014இல் நம் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டுதல்களைத் தந்தது. என்கவுண்டர் நடந்த உடனே சம்பந்தப்பட்ட போலீசாருக்கு முறைமீறிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பரிசுக்கும் பிணத்துக்கும் இடையிலான தொடர்பு தெரிந்ததால்தான் நீதிமன்றம் அப்படி எழுத வேண்டியிருந்தது.

நீதிக்காக வந்த பணம்

மூன்று பெயர்களில் ஒன்று நீதித்துறைச் சீர்திருத்தம் என்றோம். அதை ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. 2004ஆம் ஆண்டின் 906ஆம் எண் சட்டத்தால் கொலம்பியா, எழுத்தில் நடந்த பழைய குற்ற விசாரணை முறையை விட்டு, திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாக வாதாடும் முறைக்கு வந்தது. அதற்காக வழக்குரைஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் புலனாய்வாளர்களுக்கும் அமெரிக்க உதவியில் பயிற்சி நடந்தது. ஏழைப் பகுதிகளில் 'நீதி இல்லங்கள்' திறந்தார்கள். இவை பயனில்லாதவை அல்ல.

ஆனால் ராணுவத்தினர் செய்த கொலைகள் முதலில் ராணுவ நீதிமன்றத்துக்குத்தான் போயின. தன் வீட்டுக் கோப்பைத் தானே மூடிக்கொள்வது அங்கே சுலபம். பயிற்சி பெற்ற வழக்குரைஞர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் எண் இருந்தது. குடிசைப் பகுதித் தாய் ஒருத்தி தன் மகன் கெரில்லா அல்ல என்று பதிவுசெய்ய எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினாள் என்பதற்கு எந்த அறிக்கையிலும் கட்டம் இல்லை.

உதவியின் சட்டத்துக்குள்ளேயே ஒரு பிடிமானமும் இருந்தது. வெர்மான்ட் மாநில செனட்டர் பாட்ரிக் லேஹி 1997இல் கொண்டுவந்த சட்டம் அது. ஒரு வெளிநாட்டுப் படைப்பிரிவு கொடிய மனித உரிமை மீறல் செய்தது என்று நம்பத்தக்க தகவல் இருந்தால், அந்தப் பிரிவுக்கு அமெரிக்க உதவி போகக் கூடாது என்கிறது. 1998 டிசம்பரில் கொலம்பிய விமானப்படை சாந்தோ தொமிங்கோ என்ற கிராமத்தின் மீது குண்டு போட்டது. ஆறு குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். கெரில்லாக்களின் வெடிகுண்டு என்று படை சாதித்தது. ஊர் மக்களும் மனித உரிமை அமைப்புகளும் விடாமல் ஆதாரம் சேர்த்தார்கள். 2003 ஜனவரியில் அந்த விமானப்படைப் பிரிவுக்கு அமெரிக்கா உதவியை நிறுத்தியது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் நிறுத்தியது.

இதை நாம் கவனிக்க வேண்டும். 'நம்பத்தக்க தகவல்' வாஷிங்டனில் விளைவதில்லை. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எந்தப் பாதை, யார் பார்த்தது என்று ஊர்க்காரர்கள் சொல்லி யாராவது எழுதினால்தான் அந்தச் சட்டம் கண்ணைத் திறக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையைச் செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்கலாம் என்கிறது. அதைப் பயன்படுத்த எந்த அதிகாரி, எந்த நாள், எந்த மனு என்று நாம்தான் எழுதி வைத்திருக்க வேண்டும். சட்டம் தானாக நடக்காது என்பதில் இரண்டு நாடும் ஒன்று.

யார் உத்தரவு கொடுத்தது?

2019இல் பொகோட்டாவில் ஒரு சுவரோவியம் வரையப்பட்டது. ராணுவ உயர் அதிகாரிகளின் முகங்கள், அவர்கள் பொறுப்பில் இருந்தபோது நடந்த கொலைகளின் எண்ணிக்கை, மேலே ஒரு கேள்வி: யார் உத்தரவு கொடுத்தது? அன்றிரவே சிப்பாய்கள் வந்து வெள்ளையடித்தார்கள். சுவரில் அழிந்த படம் கைபேசிகளில் நாடெங்கும் போனது. அதில் இடம்பெற்ற ஓர் அதிகாரி வழக்குப் போட, அது அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2021இல் தீர்ப்பு ஓவியத்தின் பக்கம் வந்தது.

2022 ஏப்ரலில் ஒக்கான்யாவில் சிறப்பு நீதிமன்றத்தின் விசாரணை. முன்னாள் ராணுவத்தினர் தாய்மார்களின் எதிரே நின்று, உங்கள் பிள்ளைகள் கெரில்லாக்கள் அல்ல, நாங்கள் கொன்றோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 14 ஆண்டுகளாகத் தாய்மார்கள் எழுதிவந்த நோட்டு அன்று அரசின் நோட்டாக ஆனது. அந்தத் தாய்மார்களில் சிலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எண்ணுவது எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு இன்னொரு சான்று. கொலம்பியாவின் 2005 மக்கள்தொகைக் கணக்கில் கறுப்பின மக்கள் சுமார் 43 லட்சம். 2018இல் சுமார் 30 லட்சம். 13 லட்சம் பேர் காகிதத்தில் காணாமல் போனார்கள். கறுப்பின அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2022இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த மக்களின் உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பிரான்சியா மார்க்கேஸ் என்ற கறுப்பினப் பெண், சுரங்கங்களுக்கு எதிராகத் தன் ஊர் நிலத்துக்காகப் போராடியவர், வீட்டு வேலை செய்து பிழைத்தவர், நாட்டின் துணை அதிபரானார்.

இனி நம் வேலை

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை முடக்கியது. ஜூலையில் அதன் சர்வதேச வளர்ச்சி முகமையே மூடப்பட்டது. கொலம்பியாவில் சமாதான ஒப்பந்தத்தை நிறைவேற்றும் பணிகளுக்கு அந்த முகமைதான் முக்கியமான வெளிநாட்டு ஆதரவு. செப்டம்பரில், போதைப்பொருள் ஒழிப்பில் கொலம்பியா கடமை தவறியது என்றும் அமெரிக்க அரசு அறிவித்தது. காரணம் மறுபடி ஹெக்டேர் கணக்கு. 25 ஆண்டு கழித்தும் அதே முதல் நோட்டு. ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. சாட்சிக்குத் துணையாக நின்ற சிறு அமைப்பின் சம்பளத்தை ஒரு கையெழுத்தில் நிறுத்திவிடலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கான வேலையை வெளிப்பணத்தை நம்பி மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று நிதி வாங்கும் நம் அமைப்புகளும் யோசிக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பாதுகாப்பு, சீர்திருத்தம், ஒழிப்பு என்ற பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும், அது வாஷிங்டனிலிருந்து வந்தாலும் தலைமைச் செயலகத்திலிருந்து வந்தாலும், அதன் அறிக்கையில் கடைசிப் பக்கத்து அட்டவணையை முதலில் படியுங்கள். அங்கே எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் கீழே இருக்கிற போலீஸ்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று யோசியுங்கள். பிறகு அந்தத் தெருவுக்குப் போங்கள்.

செயல்பாட்டாளர்களிடம் இன்னொன்று. நம் தோழரின் நோட்டுகளில் 40க்கு மேல் மன்றத்தின் அலமாரியில் இருக்கின்றன. சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. இந்தக் கூட்டம் முடிந்ததும் அவற்றைப் பிரதியெடுக்கும் வேலை தொடங்குகிறது. எழுத்து நன்றாக உள்ளவர்கள், தட்டச்சு தெரிந்தவர்கள் வாசலில் பெயர் கொடுங்கள். அந்த ஊர்களில் இன்னும் முடியாத வழக்குகள் இருக்கின்றன. அவர் கோடு போட்ட இடங்களிலிருந்து நாம் தொடர வேண்டும்.

ஜெய்பீம்.